அம்சவள்ளியின் இடது கண்

அம்சவள்ளிக்குப் பிறந்ததிலிருந்தே இடது கண்ணில் நீர் வடியும். வலது கண் நல்ல பிள்ளை, எதற்கும் அசையாது. இடது கண்ணோ காற்று அடித்தாலும், வெயில் பட்டாலும், ஒன்றுமே நடக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிடும். துடைத்தால் மறுபடியும் இழுக்கும்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் அந்தக் கண் அவளுக்கு உதவியாகவே இருந்தது. பள்ளியில் வாத்தியார் திட்ட வாயெடுப்பார். கன்னத்துக் கோட்டைப் பார்த்ததும், "சரி சரி, உட்காரு" என்று விட்டுவிடுவார். அவளுக்குப் படிப்பு ஏறவில்லை என்பது ஆறாம் வகுப்பு வரை யாருக்கும் தெரியாமல் போனது அப்படித்தான். தெரிந்த பிறகு பள்ளிக்கூடமே நின்றுவிட்டது.

கல்யாண மேடையில், "பொண்ணு அழுவுதே, இஷ்டமில்லையோ என்னவோ" என்று மாமியார் மேளத்தை நிறுத்தச் சொன்னார். மாப்பிள்ளை சோமு குனிந்து அவள் முகத்தை இரண்டு பக்கமும் பார்த்தான். "இந்தப் பக்கம் காஞ்சுதான் கெடக்கு. மேளத்த அடிக்கச் சொல்லுங்க" என்றான். அந்த ஒரு காரியத்துக்காகவே சோமுவின் பல காரியங்களை அவள் பின்னாளில் பொறுத்துக்கொண்டாள்.

அவமானம் என்று வந்தது அம்மா இறந்தபோதுதான். துக்கம் தொண்டையில் கட்டிக்கொண்டு மூச்சே முட்டியது. ஆனால் அது கண்ணுக்கு ஏறவில்லை. இடது கண் மட்டும் வழக்கம்போலத் தன் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த சொந்தக்காரிகள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "பெத்த தாய்க்கு ஒத்தக் கண்ணால அழுவுறா பாரு. இன்னொரு கண்ண யாருக்கு எடுத்து வச்சிருக்காளாம்?" என்று ஒருத்தி கேட்டாள். அம்சவள்ளி பதில் சொல்கிற ஆள் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிற ஆள்.

பிறகு கோல சிலாங்கூருக்கு வந்தார்கள். தாமான் என்று சொல்லும் மலிவு வீட்டுக் குடியிருப்பில் ஓர் ஓரத்து வீடு. சோமு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினான். அம்சவள்ளி ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங்கில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் கொட்டகையில் நெத்திலி உலர்த்தி, பொறுக்கி, பை போட்டாள். தவுக்கேகூட ஆரம்பத்தில் அவள் அழுகிறாள் என்று நினைத்து வாரா வாரம் உடைந்த கருவாட்டை ஒரு பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கெட்ட காலம் வந்தது. தவுக்கேயின் மகள் அம்சவள்ளி வேலை பார்த்த கொட்டகையை மூடினாள். சோமுவுக்கு வேலை கொடுத்த குத்தகைக்காரர் லோரியை விற்றார். முட்டை விலையைக் கேட்டுவிட்டு, வாங்காமலே கடையிலிருந்து திரும்பி வருவது பழக்கமாகிப் போனது.

அந்தச் சமயத்தில்தான் தாமான் நலமன்றத் தலைவர் புவனேசன் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர். எப்போதும் இஸ்திரி போட்ட பாத்திக் சட்டை, கையில் இரண்டு போன். "சனிக்கிழமை மண்டபத்துல பந்துவான், உதவிப் பொருள் குடுக்கறோம். வந்துடும்மா. சாப்பாடும் இருக்கு" என்றார்.

மேடையில் ஒரே ஒரு பெரிய கூடை இருந்தது. பளபளக்கும் காகிதம், மேலே சிவப்பு ரிப்பன். உதவி வாங்க வருகிறவர் அந்தக் கூடையின் ஒரு பக்கத்தையும், நன்கொடையாளர் மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டு படம் எடுக்க வேண்டும். பிறகு கூடையை மேஜையிலேயே வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போய்ப் பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொள்ள வேண்டும். பையில் அரிசி, மாவு, மீன் டின். கூடைக்குள் தெரிந்த பிஸ்கட் டின் போன தீபாவளிக்கு வந்தது என்பதை அம்சவள்ளி படம் எடுக்கும்போதே கவனித்துவிட்டாள். டின் மேல் போன வருஷத்து வாழ்த்து இருந்தது.

அவள் முறை வந்தது. மண்டபத்தின் பெரிய காற்றாடி நேராக முகத்தில் அடித்தது. இடது கண் தன் வேலையைத் தொடங்கியது.

நன்கொடையாளர் ஒரு டயர்க் கடைக்காரர். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். "அழாதீங்கம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லி அவரே அழுதுவிட்டார். படம் இரவுக்குள் ஊர் முழுக்க எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவளை விடவில்லை. எந்த மன்றம் எதைக் கொடுத்தாலும் புவனேசனுக்குப் போன் வரும். "அந்த அம்மா வருவாங்களா?" மேடையில் அவளை நிறுத்தும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போட்டு வைத்தார்கள். கேமராக்காரர் அவள் தாடையைத் தொட்டு, இடது கன்னம் வெளியே தெரிகிற மாதிரி திருப்புவார். காற்றாடியையும் திருப்புவார்.

தையல் இயந்திரம் அதே தாமானில் இருந்த தனேஸ்வரிக்கு வந்தது. ஆனால் தனேஸ்வரிக்கு மேடையில் சிரிப்பு வந்துவிடும். அதனால் அம்சவள்ளிதான் மேடையேறி அதற்கு நன்றி சொல்லிவிட்டு, கீழே இறங்கி அவளிடம் கொடுத்தாள். பள்ளிப் பைகளுக்கும் அவள்தான். ஒருமுறை சக்கர நாற்காலி வாங்க வேண்டிய பெரியவருக்குக் காய்ச்சல் என்று, அவளை அதில் உட்கார வைத்து மேடை வரை தள்ளிக்கொண்டு போனார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, படியில் இறங்கிப் போனாள். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டில் மாவுப் பை குறையவே இல்லை. அம்சவள்ளி ஒருமுறைகூடப் பொய் சொல்லவில்லை. யாரும் அவளிடம் எதையும் கேட்கவும் இல்லை.

அவள் உண்மையாகவே நன்றி சொல்ல நினைத்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். அது பக்கத்து வீட்டு பிளோரன்ஸ். கணவர் இல்லை. மகன் ரையன் ஜொகூரில் இருந்தான். பிளோரன்ஸ் காலையில் பஸ் நிறுத்தத்தில் கறிபாப் என்னும் கறி அடைத்த பலகாரம் விற்பார். வாசலில் மாதா படம், வாயில் சதா ஒரு வசவு. சோமு வேலையிழந்த வாரமே சுவர் ஓரம் வந்து நின்றார்.

"அம்சா, என் பிரிட்ஜ் செத்துப் போச்சு. இந்த மீன உன் பிரிட்ஜ்ல வையி."

சாயங்காலம் அம்சவள்ளி மீனைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

"இப்ப எதுக்கு எனக்கு? உன் பிரிட்ஜ் வாடை பிடிச்சிருக்கும். நீயே ஆக்கித் தின்னு. உன் புருஷனுக்கும் போடு, மூஞ்சியப் பாரு, உரிச்ச தேங்கா மாதிரி."

அடுத்த வாரம் பிரிட்ஜ் மறுபடியும் செத்தது. அதற்கடுத்த வாரம் கோழியோடு செத்தது. இப்படி இரண்டு வருஷமாக அந்தப் பிரிட்ஜ் செத்துக்கொண்டே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் அது உறுமுவது அம்சவள்ளியின் சமையலறையில் நன்றாகவே கேட்கும். வயசான பிரிட்ஜ். ஓடி நிற்கும்போது இருமுவது மாதிரி ஒரு சத்தம் போடும். கறிபாப் வியாபாரமும் படுத்துக் கிடந்தது என்பது அவளுக்குத் தெரியும். காலையில் கூடை எவ்வளவு கனத்தோடு போகிறது, எவ்வளவு கனத்தோடு திரும்புகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறவள் அவள்.

ஒரு நாள் துணிந்து சுவர் ஓரம் போனாள். "அக்கா, உங்களுக்கு நான்..." என்று தொடங்கினாள். இடது கண் முந்திக்கொண்டது.

பிளோரன்ஸ் மாவு பிசைந்த கையை இடுப்பில் வைத்தார். "ஆரம்பிச்சிட்டியா? அதக் கொண்டுபோய்ப் புவனேசன்கிட்ட காட்டு. பிஸ்கட்டுக்கும் அதே தண்ணி, சக்கர நாற்காலிக்கும் அதே தண்ணி. என் மீனுக்கும் அதே தண்ணிதானா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அம்சவள்ளிக்கு அது ஒத்தக் கண்ணால் அழுகிறாள் என்று அன்றைக்குக் கேட்டது போலவே கேட்டது. திரும்பி வந்து வெங்காயம் உரித்தாள். வெங்காயத்துக்கும் அதே தண்ணிதான்.

ஐப்பசி பிறந்த சமயம் பிளோரன்ஸ் இன்னொன்றும் சொன்னார். "ரையன் அங்கயே வந்துடச் சொல்றான். மாசக் கடைசியில லோரி வருது. இனிமே உன் பிரிட்ஜுக்கு நிம்மதி."

அம்சவள்ளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்த அம்மா நம்புகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்ப வேண்டியதாகிவிடுமே என்பதுதான் அவள் மனசில் சுற்றிச் சுற்றி வந்தது.

அதே வாரம் மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை நடந்தது. கண்ணாடிக்கு நன்றி சொல்ல அம்சவள்ளியை அழைத்திருந்தார்கள். அவளுக்குக் கண்ணாடி தேவையில்லை. இருந்தாலும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வந்திருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தார்.

"அம்மா, இப்ப நீங்க அழுவுறீங்களா?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. அம்சவள்ளி சற்று யோசித்தாள். "இல்லம்மா."

"எப்பவும் இப்படித்தானா?"

"பொறந்ததுலேருந்து."

"உள்ள தண்ணி இறங்கிப் போற குழாய் அடைச்சிருக்கு. சின்ன ஒப்பரேசன்தான். அரசாங்க ஆஸ்பத்திரியிலயே செய்வாங்க. நான் எழுதித் தர்றேன்." பக்கத்தில் நின்ற புவனேசனைப் பார்த்து, "ஏன் சார் இவங்கள இவ்வளவு நாளா யாரும் கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டார்.

புவனேசன் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி கொடுத்த தேதியைக் கேட்டதும் அவர் வீட்டுக்கே ஓடி வந்துவிட்டார். அதே நாளில்தான் கோலாலம்பூரிலிருந்து டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் வருகிறார். தாமானுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய அரிசியை மொத்தமாகத் தரப்போகிறார். அவருக்கு அனுப்பிய படங்களில் எல்லாம் அம்சவள்ளிதான்.

"அந்த அழுவுற அம்மாவுக்கு என் கையால குடுக்கணும்னு சொல்லியிருக்காரும்மா. உன் ஒத்தக் கண்ண நம்பி இந்தத் தாமானே இருக்கு. தீபாவளி முடியட்டும். கண்ணு எங்க ஓடிடப் போவுது?"

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றாள் அம்சவள்ளி. அவள் ஒரு பெரிய மனிதருக்கு எதிர்வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

சோமு பின்னாலேயே வந்தான். "சொன்னா கேளு வள்ளி. இந்த வீட்ல வேலைக்குப் போறது அந்தக் கண்ணு ஒண்ணுதான்."

"பிளோரன்ஸ் அக்கா மாசக் கடைசியில போறாங்க."

"போவட்டும். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

சொன்னாலும் அவனுக்குப் புரிந்திருக்காது. அவளுக்கே வாய்விட்டுச் சொல்லும் அளவுக்குப் புரிந்திருந்ததா என்பது சந்தேகம். அரிசி வராமல் போனால் தாமானில் எத்தனை பேர் திட்டுவார்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. ராத்திரி முழுக்கப் புரண்டாள். விடிந்ததும் ஒரு துண்டையும் மாற்றுச் சேலையையும் பையில் வைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தத்தில் பிளோரன்ஸ் கறிபாப் கூடை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். "எனக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்றார். அந்த வேலை என்னவென்று கடைசி வரை தெரியவில்லை. அன்றைக்கு முழுக்க அறுவை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

அம்சவள்ளி உள்ளே போகும் முன் பிளோரன்ஸ் கேட்டார். "சோறு போடுற கண்ண எதுக்குடி மூடுற, பைத்தியக்காரி?"

அம்சவள்ளி வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

மறுநாள் இடது கண்ணில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், சோமு ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். துணியை எடுத்தான். இரண்டு கண்ணும் தக்காளி மாதிரி வீங்கியிருந்தன. அந்த வீட்டில் அன்றைக்கு நல்ல கண் என்று இருந்தது அம்சவள்ளியின் வலது கண் ஒன்றுதான்.

"என்னாங்க இது?"

"தைலம்" என்றான் சோமு. "உனக்குப் பதிலா நான் வரேன்னு புவனேசன்கிட்ட சொன்னேன். குடும்பத்துக்கே அழுவுற ராசி இருக்குன்னு வச்சுக்கட்டுமேன்னு கண்ணுக்குக் கீழ கொஞ்சம் தடவுனேன். மேடையேறுனதும் வேர்த்துச்சு. எல்லாம் உள்ள இறங்கிருச்சு."

"ஐயோ. டத்தோ என்னா சொன்னாரு?"

"டத்தோ எங்க பாத்தாரு? வந்ததிலேருந்து போன்ல பேசிக்கிட்டே இருந்தாரு. கூடையப் பிடிச்சாரு, படம் எடுத்தாங்க, பேசிக்கிட்டே கார்ல ஏறிட்டாரு. யாரு மூஞ்சியையும் பாக்கலியாம். நீ சிரிச்சுக்கிட்டு நின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது."

"அரிசி?"

"காலையிலயே லோரியில வந்து இறங்கிருச்சாம் லா. அவரு வர்றதுக்கு முந்தியே."

அம்சவள்ளி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பஞ்சுக்கு அடியில் வலித்தது. சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"முழுசாக் கேளு" என்றான் சோமு. "டத்தோவுக்குப் போடுன்னு மாலைய என் கையில குடுத்திருந்தாங்க. எனக்கு எங்க கண்ணு தெரியுது? அவரு போனது தெரியாம எறங்கித் தேடுனேன், பின்வாசல் பக்கம் வெள்ளையா ஒரு சட்டை தெரிஞ்சுது. போட்டுட்டேன். உங்களாலதான்யா எங்க வீட்ல சோறுன்னு சொல்லி, கால்லயும் விழுந்துட்டேன். சனம் சிரிக்குது. துடைச்சிட்டுப் பாத்தா, கேட்டரிங் புனிதன்."

மண்டபத்தில் நடக்கும் எல்லா விழாவுக்கும் சமைக்கிறவர் புனிதன். வெள்ளை ஏப்ரனோடு பின்வாசலில் அண்டா பக்கத்தில் நிற்பார். மேடையில் யார் யாருக்கோ நன்றி சொல்வார்கள். மைக் செட்டுக்காரர் வரை வந்துவிட்டு, அவருக்கு முன்னால் முடித்துக்கொள்வார்கள். அதையும் அம்சவள்ளி கவனித்திருக்கிறாள்.

"கோவிச்சுக்கிட்டாரா?"

"அழுதுட்டாரு வள்ளி. கரண்டியோட. இத்தனை வருஷமா ஆக்கிப் போடறேன், உப்பு கம்மின்னு சொல்லத்தான் ஆள் வந்திருக்கு, மாலை போட ஒருத்தனும் வந்ததில்லன்னாரு. அப்புறம் லைசன்ஸ் இருக்கான்னு கேட்டாரு. செகிஞ்சான் பக்கமெல்லாம் சாப்பாடு கொண்டுபோக வேன் ஓட்ட ஆள் இல்லையாம்." சோமு துணியைத் திரும்ப முகத்தில் போட்டுக்கொண்டான். "கண்ணு தெறந்ததும் வரச் சொன்னாரு."

மாசக் கடைசி வந்தது. அம்சவள்ளியின் பஞ்சை எடுத்தாயிற்று. இடது கண் முதல் முதலாகக் காற்றைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. கன்னம் காய்ந்திருப்பது அவளுக்குப் பழகவில்லை. பழக்கத்தில் துடைத்துத் துடைத்து, அந்த இடத்துத் தோல்தான் சிவந்து போனது.

பிளோரன்ஸ் வீட்டு வாசலில் லோரி நின்றது. மேஜை, மெத்தை, மாதா படம் எல்லாம் ஏறிவிட்டன. இரண்டு பேர் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "மெல்ல லா, மெல்ல, சுவத்துல இடிக்காத" என்று பிளோரன்ஸ் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். வாசற்படியில் அவர்கள் அதைச் சாய்த்தபோது கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வெள்ளையாகக் குளிர்ப் புகை வந்தது. மேல் அறையில் பாளம் பாளமாக ஐஸ் கட்டியிருந்தது. ஒரு துண்டு உடைந்து அம்சவள்ளியின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் குனிந்து ஐஸைப் பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பிளோரன்ஸ் பார்த்தார்.

"கெட்டுப் போனதுதான்" என்றார் பிளோரன்ஸ்.

"ஆமாங்கா" என்றாள் அம்சவள்ளி.

அவள் கையில் மூன்றடுக்குத் தூக்கு இருந்தது. விடியும் முன்னே எழுந்து செய்தது. சோறு, மீன் சம்பல், கத்தரிக்காய்ப் பிரட்டல். அதைச் சுவர் மேல் வைத்தாள். ராத்திரி படுக்கையில் கூட்டிக் கூட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டையோடு நின்றன. வழக்கமான இடத்தில் நின்றன. இந்தத் தடவை கண்ணும் உதவிக்கு வரவில்லை.

"அக்கா" என்றாள். "எங்க பிரிட்ஜ் செத்துப் போச்சுக்கா. இத வைக்க எடமில்ல. நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

பிளோரன்ஸ் தூக்கைப் பார்த்தார். அம்சவள்ளியின் சமையலறைப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டார். உள்ளே பிரிட்ஜ் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அது என்னா சத்தம்?"

"பக்கத்து வீட்டு பிரிட்ஜ்" என்றாள் அம்சவள்ளி.

இருவரும் திரும்பி லோரியைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு பிரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிளோரன்ஸ் கிட்டே வந்தார். கேமராக்காரர் செய்வது போலவே அம்சவள்ளியின் தாடையைப் பிடித்து, இடது கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"காஞ்சு கெடக்கு."

"ஆமாங்கா."

"ஒரு சொட்டுகூட வரல."

"வரலக்கா."

"இதுக்குத்தான் போய் வெட்டிக்கிட்டியா?"

அம்சவள்ளி தலையை மட்டும் ஆட்டினாள். பிளோரன்ஸ் தாடையை விடாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தூக்கை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "சம்பல்ல உப்பு கம்மியா இருந்துச்சு, போன் பண்ணித் திட்டுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். தூக்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அம்சவள்ளி வாசல் கேட்டுக்கு அருகே நின்றாள். ஜன்னலுக்குள் பிளோரன்ஸ் தோளை உயர்த்தி முகத்தைச் சட்டைக் கையில் துடைப்பது தெரிந்தது. ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம்.

"சனியன் பிடிச்ச லோரிப் புகை, கண்ணுல ஏறுது" என்றார்.

டிரைவர் இன்னும் கீழே நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். லோரி ஸ்டார்ட்டே ஆகவில்லை.